மனித லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்: நொதியை முதன்முதலாகக் கையாள்வோருக்கு ஒரு வழிகாட்டி

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவரிடம் முதல் மாதத்திலேயே ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, "இதில் மனித எல்.டி.எச்.ஏ. இருக்கிறது, நாளையே வேலையைத் தொடங்கலாம்" என்று சொல்லிவிடுவது பல இடங்களில் வழக்கம். எல்.டி.எச்.ஏ. என்பது லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் நொதியின் ஏ வகை. குப்பியின் அடியில் ஐம்பது மைக்ரோலிட்டர் நிறமற்ற திரவம் இருக்கும். மேலே ஒட்டிய சீட்டில் ஒரு செறிவும், "மில்லிகிராமுக்கு இத்தனை அலகு" என்று ஒரு செயல்திறனும் அச்சிட்டிருக்கும். புதியவர்கள் அந்த இரண்டாவது எண்ணை நம்பி நேரடியாகத் தம் கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண் நொதியைத் தயாரித்தவரின் மேசையில், அவருடைய பஃபரில் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலில்), அவர் தேர்ந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும், உங்கள் மேசையில் அது எவ்வளவு என்பதை நீங்களே அளந்த பிறகுதான் அந்த நொதியிடம் வேறு எதையும் கேட்க முடியும் என்பதையும் செய்முறையோடு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எல்.டி.எச்.ஏ.வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், தொடக்கநிலையில் இருப்பவர் பழகிக்கொள்ள இதைவிடத் தெளிவாக விடைதரும் நொதிகள் குறைவு என்பதுதான்.

இந்த நொதி என்ன செய்கிறது

லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுகிறது. அவ்வாறு மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்னும் துணை நொதி தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு என்.ஏ.டி.யாக ஆகிறது. வேகமாக ஓடுபவரின் தசையில் ஆக்சிஜன் தேவைக்குக் குறையும்போதும் குளுக்கோஸ் சிதைவு நின்றுவிடாமல் தொடர்வதற்கு, தீர்ந்துபோகும் என்.ஏ.டி.யை இந்த வினை உடனுக்குடன் மீட்டுத் தருவதே காரணம். மனிதரில் இதன் ஏ வகைத் துணை அலகுக்கான மரபணு 11ஆம் குரோமோசோமிலும், பி வகைக்கான மரபணு 12ஆம் குரோமோசோமிலும் உள்ளன. ஏ வகைத் துணை அலகு 332 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் எடை ஏறத்தாழ 36.7 கிலோடால்டன். நான்கு துணை அலகுகள் ஒன்றுசேர்ந்தால்தான் முழு நொதி உருவாகும். ஏ, பி இரண்டும் ஐந்து விதமாகக் கலக்க முடியும். இதயத்தில் பி வகை மிகுந்த கலவையும், எலும்புத் தசையிலும் கல்லீரலிலும் ஏ வகை மிகுந்த கலவையும் காணப்படுகின்றன. ஒரே வினையைச் செய்யும் வெவ்வேறு புரத வடிவங்களை 'ஐசோசைம்' என்று மார்கெர்ட்டும் மோலரும் 1959இல் பெயரிட்டபோது அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றில் இந்நொதியே முதன்மையானது.

புற்றுநோய் உயிரணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுவதை ஒட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். ஏ வகையைத் தடுக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சிக்கு அந்தக் கவனிப்பே வித்து. இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கல்லீரலில் இதே நொதி கிளையாக்ஸலேட்டை ஆக்ஸலேட்டாக மாற்றுவதால், பிறவியிலேயே ஆக்ஸலேட் மிகுந்து சிறுநீரகக் கற்களும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும் நோயில் இது ஒரு மருந்து இலக்காகிவிட்டது. இந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நெடோசிரான் என்னும் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதி அளித்தது. உங்கள் குப்பியில் உள்ளது பாடப்புத்தக நொதி மட்டுமன்று, இன்றைக்கும் மருத்துவத்துக்குத் தேவைப்படும் நொதி என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சீட்டையும் தகவல் தாளையும் படிக்கும் முறை

மறுசேர்க்கை நொதி என்றால் மனித மரபணுவை வேறோர் உயிரணுவில் ஏற்றி, அங்கே புரதத்தைச் செய்வித்து எடுத்தது என்று பொருள். எல்.டி.எச்.ஏ.வைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில்தான் செய்கிறார்கள். இது கரையும் வடிவிலேயே நன்றாக விளையக்கூடிய புரதம், சர்க்கரைச் சங்கிலிகளும் இதற்குத் தேவையில்லை. ஆயினும் மனித உயிரணுவுக்குள் இதன் சில அமினோ அமிலங்களில் ஏறும் பாஸ்பேட், அசிட்டைல் போன்ற குறிகள் பாக்டீரியாவில் செய்த புரதத்தில் பொதுவாக இருக்கமாட்டா. அந்தக் குறிகளைப் பற்றியதுதான் உங்கள் கேள்வி என்றால், இந்தக் குப்பி உங்களுக்கு உதவாது.

தகவல் தாளில் நீங்கள் தேட வேண்டியவை சில. புரதத்தில் எந்த அமினோ அமிலம் முதல் எது வரை இருக்கிறது, பிரித்தெடுப்பதற்காகச் சேர்த்த ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட வால் எந்த முனையில் ஒட்டியுள்ளது, சேமிப்பு பஃபரில் கிளிசரால் எத்தனை விழுக்காடு, உப்பு எவ்வளவு, டி.டி.டி. (டைதயோதிரைட்டால்) போன்ற ஒடுக்கும் பொருள் உண்டா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட அலகின் வரையறையை நிறுத்திப் படிக்க வேண்டும். ஓர் அலகு என்பது ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் தளப்பொருளை, அதாவது நொதி வினைப்படுத்தும் பொருளை, மாற்றும் நொதியின் அளவு. ஆனால் எந்தத் திசையில், எந்த பி.எச்.சில், எத்தனை டிகிரியில் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வைத்திருப்பார்கள். 37 டிகிரியில் அளந்தவரின் ஓர் அலகும் 25 டிகிரியில் அளந்தவரின் ஓர் அலகும் ஒரே அளவு புரதத்தைக் குறிப்பதில்லை. மருத்துவ ஆய்வகங்களுக்கான பன்னாட்டு மேற்கோள் முறையோ லாக்டேட்டிலிருந்து பைருவேட் வரும் எதிர்த்திசையில் அளக்கிறது. இந்த வரையறையைப் பார்க்காமல் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவது, படியில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் ஒப்பிடுவதைப் போன்றது.

தூய்மை 95 விழுக்காடு என்று எழுதியிருந்தால், மீதி ஐந்து விழுக்காட்டில் பாக்டீரியாவின் புரதங்கள் இருக்கின்றன என்று கொள்ள வேண்டும். அது ஏன் முக்கியம் என்பதை நொதியை நாமே தயாரிக்கும் பகுதியில் சொல்கிறேன்.

குப்பி வந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைத் திறந்தவுடன் உலர் பனிக்கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குப்பியை ஐஸில் வைத்து மெல்ல உருகவிட்டு, மூடியில் ஒட்டிய துளி கீழே இறங்க ஒரு சில நொடி சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள். வோர்டெக்ஸ் என்னும் அதிர்வுக் கருவியில் குலுக்கக் கூடாது. நுரை எழுந்தால் நுரையின் பரப்பில் புரதம் விரிந்து கெட்டுவிடும். குப்பியை நாலைந்து முறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். பிறகு ஐந்து அல்லது பத்து மைக்ரோலிட்டராகச் சிறு குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர், தொகுதி எண், செறிவு, தேதி எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயை உருக்கினால் அன்றைய வேலைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். மிச்சத்தைத் திரும்ப உறையவைப்பது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாரம் வரும் எண்கள் ஏன் மாறின என்று தேடும் நாள்களின் விலை அதைவிட அதிகம். கிளிசரால் 50 விழுக்காடு உள்ள நொதி மைனஸ் 20 டிகிரியில் உறையாமல் திரவமாகவே இருக்கும் என்பதால் அதை மட்டும் அப்படியே வைத்து அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம்.

கிளிசரால் கலந்த திரவம் பைப்பெட் முனையின் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். முனையை ஆழமாக அமிழ்த்தாமல் மேற்பரப்பைத் தொட்டபடி மெதுவாக உறிஞ்சி, ஒரு கணம் நிறுத்தி, பின் வெளியே எடுக்கப் பழகுங்கள். இங்கே நேரும் பிழை பின்னர் எந்தக் கணக்காலும் திருந்தாது.

கரைசல்கள்

பஃபராக 100 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.4 என்பது போதுமானது. ஆனால் டிரிஸின் பி.எச். வெப்பநிலையோடு நகரும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.028 குறையும். 25 டிகிரியில் 7.4 என்று சரிசெய்த பஃபர் 37 டிகிரியில் ஏறத்தாழ 7.06 ஆக இறங்கிவிடும். ஆகவே எந்த வெப்பநிலையில் அளக்கப்போகிறீர்களோ அந்த வெப்பநிலையிலேயே பி.எச்.சைச் சரிசெய்யுங்கள்.

என்.ஏ.டி.எச். இந்த வேலையின் உயிர்நாடி. அதே சமயம் எளிதில் கெட்டுப்போகும் பொருளும் அதுவே. அது அமிலத்தில் சிதையும், மெல்லிய காரத்தில் தாக்குப்பிடிக்கும், என்.ஏ.டி.க்கோ இது நேரெதிர். பாஸ்பேட் பஃபரில் என்.ஏ.டி.எச். இன்னும் விரைவாகக் கெடும். எனவே பி.எச். 8 அளவிலுள்ள நீர்த்த டிரிஸில், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி ஐஸில் வையுங்கள். பொடி இருக்கும் புட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியோடு காத்திருக்க வேண்டும். திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பொடியில் படியும். ஈரம் பட்டுப் பழகிய என்.ஏ.டி.எச்.சில் இதே நொதியைத் தடுக்கும் பொருள்கள் உருவாகின்றன என்பது 1960களிலேயே கண்டறியப்பட்ட செய்தி. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

இருசோடிய உப்பில் 7.1 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்க வேண்டும். கிடைத்ததா என்பதைத் தராசு சொல்லாது, ஒளிதான் சொல்லும். அதை நூறு மடங்கு நீர்த்து 340 நானோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை ஒளிப்பாதையில் வைக்கும் சிறு கலத்தில்) பாருங்கள், 0.622 வர வேண்டும். என்.ஏ.டி.எச். அந்த அலைநீளத்தில் ஒளியை உட்கவர்கிறது, என்.ஏ.டி. உட்கவர்வதில்லை, மோலார் உட்கவர்வு எண், அதாவது ஒரு மோலார் செறிவு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உட்கவரும் அளவு, 6,220. இந்த வேறுபாட்டைக் கொண்டு நொதி வினையை ஒளியால் அளக்கும் முறையை வகுத்தவரும் வார்பர்க்கின் ஆய்வகத்தினரே. குவார்ட்ஸ் குவெட் கைவசம் இருந்தால் 260 நானோமீட்டரிலும் பாருங்கள். 260க்கும் 340க்கும் உள்ள விகிதம் 2.3 அருகில் இருந்தால் பொருள் நல்லது, மிக உயர்ந்திருந்தால் கணிசமான பகுதி ஏற்கெனவே மாறிவிட்டது.

பைருவேட்டுக்கு சோடியம் உப்பைப் பயன்படுத்துங்கள், அமிலத்தை அல்ல. 110 மில்லிகிராமைப் பத்து மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மில்லிமோலார். செறிந்த கரைசலை நெடுநாள் வைத்தால் பைருவேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். புதிதாகச் செய்வதே நல்லது.

நொதியை நீர்த்தல்

நொதி மிக வேகமானது என்பதால் அதை ஆயிரம் மடங்குக்குக் குறையாமல் நீர்க்க வேண்டிவரும். புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது, நானும் தவறினேன். பட்டப்படிப்பு முடித்து ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், தொண்ணூற்றாறு குழித் தட்டில் எண்பது சேர்மங்களைச் சோதித்தேன். தட்டின் கடைசி இரண்டு வரிசைகளில் இருந்த சேர்மங்கள் ஏறத்தாழ எல்லாமே நொதியைத் தடுத்தன. மிகுந்த மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தட்டைத் திருப்பிப்போட்டுச் செய்து பார்த்தாயா?" திருப்பிச் செய்தபோது முன்பு ஒன்றும் செய்யாதிருந்த முதல் வரிசைச் சேர்மங்கள் 'தடுத்தன'. நான் நொதியை வெறும் பஃபரில் நீர்த்திருந்தேன். மில்லிலிட்டருக்குச் சில நூறு நானோகிராம் என்ற அளவில் புரதம் குழாயின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நான்கு துணை அலகுகள் சேர்ந்த அமைப்பும் அவ்வளவு நீர்த்த நிலையில் உறுதியாக நிற்பதில்லை. அரை மணி நேரம் காத்திருந்த நொதியில் பாதிகூட மிஞ்சவில்லை. கடைசியாக நிரப்பிய குழிகளுக்கு அந்த மிச்சம்தான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பி.எஸ்.ஏ., அதாவது மாட்டுச் சீரம் ஆல்புமின், சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் இடங்களை அது நிரப்பிவிடும். ஒரு மில்லிமோலார் டி.டி.டி.யும் சேர்ப்பது நல்லது. ஒரு மைக்ரோலிட்டரை ஒரு மில்லிலிட்டரில் விடுவதைப் போன்ற பெரிய தாவல் வேண்டாம். ஐந்து மைக்ரோலிட்டரை 495இல் விட்டு நூறு மடங்கும், அதில் ஐம்பதை 450இல் விட்டுப் பத்து மடங்குமாக இரண்டு படியில் செய்யுங்கள். பிறகு நீர்த்த அந்த நொதியைத் தொடக்கத்தில் ஒரு முறையும், ஐஸில் ஒரு மணி நேரம் வைத்த பின் ஒரு முறையும் அளந்து, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஏ வகை நான்கும் சேர்ந்த வடிவம் குளிரில் செயலிழக்கும் இயல்புடையது. மருத்துவ ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்கான சீரத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பநிலையில் வைப்பதும் இதனால்தான். ஐஸில் உங்கள் நொதி இறங்குமுகமாக இருந்தால், பி.எஸ்.ஏ. சேர்த்து அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்து, எது நிலையாக இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

முதல் அளவீடு

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் (ஒளிமானியின்) விளக்கை அரை மணி நேரம் முன்பே போட்டு, குவெட் வைக்கும் இடத்தை 25 டிகிரிக்கு அமைத்து, பஃபரையும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். 340 நானோமீட்டருக்குச் சாதாரண பிளாஸ்டிக் குவெட்டே போதும். குவெட்டில் 960 மைக்ரோலிட்டர் பஃபர், 20 மைக்ரோலிட்டர் என்.ஏ.டி.எச்., 10 மைக்ரோலிட்டர் நீர்த்த நொதி ஆகியவற்றை விட்டுக் கலக்குங்கள். என்.ஏ.டி.எச். இப்போது 0.2 மில்லிமோலார், திரையில் 1.24 தெரிய வேண்டும். ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். சரிந்தால் பைருவேட் இல்லாமலே என்.ஏ.டி.எச். எங்கோ செலவாகிறது, அந்தச் சரிவைப் பின்னர் கழிக்க வேண்டும். பிறகு 10 மைக்ரோலிட்டர் பைருவேட்டை விட்டு உடனே கலக்கி, பத்து நொடிக்குள் பதிவைத் தொடங்குங்கள். பைருவேட் ஒரு மில்லிமோலார் ஆகிறது. நடுநிலை பி.எச்.சில் இவ்வினையின் சமநிலை லாக்டேட் பக்கமே வெகுவாகச் சாய்ந்திருப்பதால், நேர்க்கோடு தெளிவாக இறங்கும்.

நிமிடத்துக்கு 0.03 முதல் 0.08 வரை இறங்கும்படி நொதியின் அளவை அமைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமானால் கலக்கி முடிப்பதற்குள் தொடக்கநிலை கழிந்துவிடும்; மெதுவானால் கருவியின் இரைச்சலில் மூழ்கிவிடும். முதல் இரண்டு நிமிடச் சரிவை மட்டும் எடுங்கள்.

கணக்கு எளியது. எடுத்துக்காட்டாக நிமிடத்துக்கு 0.0622 இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 6,220ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார். ஒரு மில்லிலிட்டரில் அது 10 நானோமோல், அதாவது 0.010 அலகு. இது 10 மைக்ரோலிட்டர் நீர்த்த நொதியிலிருந்து வந்தது என்பதால் நீர்த்த நொதியில் மில்லிலிட்டருக்கு ஓர் அலகு. ஆயிரம் மடங்கு நீர்த்ததால் குப்பியில் மில்லிலிட்டருக்கு 1,000 அலகு. குப்பியின் செறிவு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் மில்லிகிராமுக்கு 500 அலகு. குவெட்டுக்குள் அப்போது இருந்த நொதி 20 நானோகிராம்தான். அவ்வளவு சிறிய அளவு கண்முன்னே கோட்டை இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும் மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை.

இங்கே நின்றுவிடாமல் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். நொதியை இருமடங்காக்கினால் சரிவும் இருமடங்காக வேண்டும், பாதியாக்கினால் பாதியாக வேண்டும். அப்படி இல்லையென்றால் நீங்கள் அளப்பது தொடக்க வேகத்தை அல்ல. நொதி இல்லாத குவெட்டில் சரிவு இருக்கக் கூடாது. அதே அளவீட்டை மூன்று முறை, மூன்று தனித்தனி நீர்ப்புகளிலிருந்து செய்ய வேண்டும். ஒரே நீர்ப்பிலிருந்து மூன்று முறை எடுத்தால் பைப்பெட்டின் பிழை மறைந்துகொள்ளும். இவை சரியாக வந்த பிறகு கிடைக்கும் எண், தகவல் தாளின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். உங்கள் நிலைமையில் அதுதான் உண்மை. ஏட்டில் அதையே எழுதுங்கள்.

தொண்ணூற்றாறு குழித் தட்டுக்கு மாறும்போது ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் அல்ல என்பதை மறக்கக் கூடாது. 200 மைக்ரோலிட்டருக்கு அது அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். தெரிந்த செறிவிலான என்.ஏ.டி.எச்.சைக் குழியில் விட்டுப் படித்து, உங்கள் தட்டுக்கு உரிய தூரத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

பைருவேட்டை மாற்றிப் பார்த்தல்

அடுத்து, பைருவேட்டை 0.02 முதல் 2 மில்லிமோலார் வரை எட்டு அல்லது பத்து அளவுகளில் மாற்றி, வேகத்தை வரைபடமாக்குங்கள். பாதி உச்ச வேகம் கிடைக்கும் செறிவு, அதாவது மைக்கேலிஸ் மாறிலி, ஏ வகைக்கு 0.1 முதல் 0.3 மில்லிமோலார் சுற்றளவில் வருவது வழக்கம். உங்களுடையது இதற்குப் பத்து மடங்கு விலகியிருந்தால் முதலில் பைருவேட் கரைசலைச் சந்தேகியுங்கள். செறிவை இன்னும் உயர்த்திச் சில மில்லிமோலாருக்கு அப்பால் போனால் வேகம் கூடாமல் குறையத் தொடங்கும். இது பிழையன்று, வினை முடிந்தும் நொதியிலேயே தங்கியிருக்கும் என்.ஏ.டி.யோடு புதிய பைருவேட் வந்து சேர்ந்து நொதியைப் பூட்டிவிடுவதால் நேர்வது. இதயத்தின் பி வகையில் இந்தப் பூட்டு இன்னும் குறைந்த செறிவிலேயே விழும்.

நொதியை நாமே செய்துகொள்வதானால்

தொடர்ந்து பல மாதங்களுக்குத் தேவைப்படும் என்றால் வாங்குவதைவிடச் செய்துகொள்வதே மலிவு. மரபணுவை ஏந்திய பிளாஸ்மிட்டை (சிறு வளைய டி.என்.ஏ.வை) பி.எல்.21 டி.இ.3 என்னும் ஈ.கோலை வகையில் ஏற்றி, ஐ.பி.டி.ஜி. கொடுத்துத் தூண்டி, 18 டிகிரியில் இரவு முழுவதும் வளர்த்து, செல்களை உடைத்து, நிக்கல் பத்தியில் (ஹிஸ்டிடின் வாலைப் பிடித்துக்கொள்ளும் நிரப்புக் குழாயில்) ஓட்டி இமிடசோலால் கழற்றி எடுப்பது பெரும்பாலான ஆய்வகங்களுக்குப் பழகிய வழி. செய்முறை எங்கும் கிடைக்கும் என்பதால் விரித்துரைக்கவில்லை. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 37 கிலோடால்டனுக்குச் சற்று மேலே ஒரு பட்டை வர வேண்டும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஈ.கோலைக்கும் சொந்தமாக ஒரு லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் உண்டு. அதுவும் பைருவேட்டையும் என்.ஏ.டி.எச்.சையும் கொண்டே வேலை செய்கிறது. பத்தியில் ஓட்டுவதற்கு முன் செல் சாற்றில் செயல்திறன் தெரிகிறது என்று மகிழ்ந்தால், அதில் ஒரு பங்கு பாக்டீரியாவுடையதாக இருக்கும். வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய செல்களையும் அதே நாளில் அதே முறையில் தயாரித்து, அதே அளவில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. மனித நொதி தருவது எல்-லாக்டேட். பாக்டீரியாவின் அந்த நொதி தருவது டி-லாக்டேட். எனவே பி.எச். 9க்கு மேலுள்ள பஃபரில், எல்-லாக்டேட்டும் என்.ஏ.டி.யும் கொடுத்து, 340இல் ஒளி உட்கவர்வு ஏறுகிறதா என்று எதிர்த்திசையில் பார்த்தால், அந்த ஏற்றம் மனித நொதியால் வந்தது என்று கொள்ளலாம்.

தடுப்பான்களைச் சோதிக்கும்போது

புதிய சேர்மம் எதையும் தொடுவதற்கு முன் ஆக்ஸமேட்டைச் சோதியுங்கள். பைருவேட்டின் வடிவத்தையே கொண்ட இது, அதன் இடத்தில் போட்டியிட்டு அமர்ந்து நொதியைத் தடுக்கிறது. விளைவு தெரிய மில்லிமோலார் அளவு தேவைப்படும். பைருவேட்டைக் கூட்டினால் தடை தளர வேண்டும். விடை தெரிந்த இந்தக் கேள்விக்கு உங்கள் முறை சரியாக விடை சொன்னால்தான் விடை தெரியாத கேள்விகளுக்கு அதை நம்பலாம். ஒவ்வொரு தட்டிலும் ஆக்ஸமேட்டுக்கு ஒரு வரிசை ஒதுக்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டின் கல்லூரி ஆய்வகங்களில் இந்த வகை நொதியைக் கையில் எடுக்கும் மாணவர்களில் பலர் மூலிகைச் சாறுகளைச் சோதிப்பதற்காகவே எடுக்கிறார்கள். அவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலைச்சாற்றில் உள்ள பல பொருள்கள் 340 நானோமீட்டரில் தாமே ஒளியை உட்கவரும். டானின்கள் எந்தப் புரதத்தையும் பிடித்துப் படியவைக்கும். குயினோன்கள் நொதி இல்லாமலே என்.ஏ.டி.எச்.சைச் செலவழிக்கும்; நீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் நுண்திரள்களாகச் சேர்ந்து நொதியைத் தம் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். இந்த நான்கும் ஒளிமானியில் 'தடுப்பு' அல்லது 'தூண்டல்' என்ற தோற்றத்தில்தான் தெரியும். ஆகவே சாறும் என்.ஏ.டி.எச்.சும் மட்டும் உள்ள குழி, சாறு மட்டும் உள்ள குழி ஆகிய இரண்டும் ஒவ்வொரு செறிவுக்கும் இருக்க வேண்டும். 0.01 விழுக்காடு டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் சோப்புப்பொருளைச் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள். திரள்களால் வந்த தடையாக இருந்தால் அது கரைந்து மறையும். சேர்மங்களைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. ஒரு விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம், கட்டுப்பாட்டுக் குழிகளிலும் அதே அளவு இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் தாண்டியும் தடை நின்றால், அது எல்.டி.எச்.ஏ.வுக்கே உரியதா என்று கேட்க வேண்டும். பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் இந்நொதியைத் தடுக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆனால் அது என்.ஏ.டி.எச். அமரும் இடத்தில் போட்டியிடுவதால், அதே துணை நொதியைப் பயன்படுத்தும் வேறு நொதிகளையும் தடுக்கிறது. எனவே உங்கள் சாற்றையோ சேர்மத்தையோ மாலேட் டீஹைட்ரஜனேஸ் மீதும், பி வகையான எல்.டி.எச்.பி. மீதும் அதே நாளில் சோதியுங்கள். மாலேட் டீஹைட்ரஜனேஸையும் என்.ஏ.டி.எச்.சைக் கொண்டே, பைருவேட்டுக்குப் பதிலாக ஆக்ஸலோஅசிட்டேட் கொடுத்து அதே 340 நானோமீட்டரில் அளக்க முடியும் என்பதால் புதிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. மூன்று நொதிகளின் எண்களையும், மூன்றின் தொகுதி எண்களையும், அன்றைய ஆக்ஸமேட் அளவீட்டையும் ஏட்டின் ஒரே பக்கத்தில் எழுதிவைத்த பின்பு உயிரணுக்களில் சோதிக்கத் தொடங்கலாம்.